அம்சவள்ளி திறந்து வைத்த வரிசை

கிருமாம்பாக்கத்தில் நெல் அறுக்கும் வண்டி வேண்டுமென்றால் புகழ்வேந்தனிடம் போவார்கள். வண்டி யார் நிலத்தில் முதலில் இறங்கும், யார் நிலத்தில் கடைசியில் இறங்கும் என்று கேட்க அவர் மனைவி அம்சவள்ளியிடம் போவார்கள். சம்பா அறுப்புக் காலத்தில் ஆத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வரும் வண்டிகளைப் பேசி அமர்த்துவது புகழ்வேந்தனின் வேலை. நோட்டும் போனும் அம்சவள்ளியின் கையில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றலாம். தை மாதத்தில் பத்து நாள் எங்கள் பக்கம் வந்து இருந்தால் தெரியும். எல்லாருடைய நெல்லும் ஒரே வாரத்தில் பழுக்கும். வண்டி இருப்பதோ மூன்று அல்லது நான்கு. காய்ந்த நிலத்தில் டயர் வண்டி ஓடும். சேறு நிற்கும் நிலத்தில் பெல்ட் வண்டிதான் இறங்கும். உள்ளே இருக்கிற நிலம் முதலில் பழுத்துவிட்டால், முன்னால் நிற்கும் பச்சைப் பயிரை மிதித்துக்கொண்டு வண்டி போக முடியாது. யாருக்கு முன்னால் யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு.

2021 பொங்கலை ஒட்டி மழை பிடித்துக்கொண்டது. நாலு தெரு தள்ளி இருக்கும் சாமிக்கண்ணுவின் இரண்டு காணி நெல் சாய்ந்து, நீரில் கிடந்து, முளைத்தே போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னைய ஏம்மா பதினொண்ணாவதா போட்ட?"

நோட்டில் இருந்த வரிசையில் பாதி, போன் வந்த வரிசை. மீதிப் பாதி, சத்தம் போட்டவர்களின் வரிசை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் போன பிறகு அம்சவள்ளி நோட்டை எடுத்துப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்க்கவே தனக்குக் கூச்சமாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அம்சவள்ளி பண்டசோழநல்லூரில் பிறந்தவர். பஸ் ஏறிப் போய் பாண்டியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். அதன் பிறகு பதினைந்து வருடம் கடலூர் ரோட்டில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும் மனுவும் அடித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் கற்றுக்கொண்ட புரோகிராமிங்கை அதற்குள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அந்தத் தை மாதம் முடிந்ததும் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கினார். சமையலுக்கும் மாட்டுக்கும் நடுவில் கிடைத்த பகல் நேரம்தான். ஒரு புரோகிராம் எழுதி முடிக்கப் பத்து மாதம் ஆனது.

நெல் ரகம், நட்ட நாள், நிலத்தின் ஈரம், வண்டி இறங்கும் வழி. இந்த நான்கையும் ஒவ்வொரு நிலத்துக்கும் கொடுத்தால், எந்த வண்டி எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று அது வரிசை போட்டுக் கொடுத்தது. எந்த நிலத்துக்கு ஏன் அந்த இடம் என்று கீழே ஒரு வரியும் எழுதியது. அந்த வரிக்காகத்தான் அவருக்குப் பத்து மாதம் பிடித்தது. அதற்கு 'வரிசை' என்றே பெயர் வைத்தார். அடுத்த அறுப்பில் தெருவில் இருந்த நாற்பது பேருக்கு அதைக் கொண்டு வண்டி விட்டார்கள். சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை போட வந்தவர்கள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் சண்டை போட்டார்கள்.

இதைப் போனில் ஓடும் ஆப் ஆக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கான வித்தை அவருக்குத் தெரியாது. வில்லியனூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூட அறையில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடுகிறார்கள், யார் போனாலும் உதவுவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். வந்திருந்தவர்களில் அவர்தான் வயதில் பெரியவர்; நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒதியம்பட்டைச் சேர்ந்த லில்லி என்ற பெண் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாண்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். 'வரிசை'யை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆப் வேலையைச் சேர்ந்தே செய்வோம் என்றாள். பிறகு கேட்டாள்:

"இதுக்கு இன்னா லைசன்ஸ் போடப் போறீங்க அக்கா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே லைசன்ஸ் எங்க வூட்டுக்காரர் பாக்கெட்ல இருக்குது."

லில்லி சிரித்துவிட்டாள். நீங்கள் எழுதிய நிரலை, அதாவது புரோகிராமை, அடுத்தவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வதுதான் லைசன்ஸ் என்று விளக்கினாள். எதுவுமே போடவில்லை என்றால் சட்டப்படி யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம்.

"இதை ஃப்ரீ சாஃப்ட்வேரா விட்டீங்கன்னா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"ஃப்ரீன்னா? இலவச மிக்சி குடுத்தாங்களே, அந்த மாதிரியா?"

"அதான் அக்கா வம்பே," என்றாள் லில்லி. "இந்த ஒரு வார்த்தையாலதான் அமெரிக்காவுல ரெண்டு கட்சி ஆச்சு."

அன்று மதியம் முழுக்க அந்தக் கதைதான். லில்லி சொன்னதை அம்சவள்ளி எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

எண்பதை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பிரிண்டர் வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் இப்படி ஆனபோது அங்கிருந்த ஒரு புரோகிராமர் அதன் நிரலைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதில் அது முடியவில்லை. எந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவில்தான் நிரல் வந்திருந்தது. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரலைத் தரவில்லை. அது வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரை அந்தப் புரோகிராமர் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். தன் அறையில் இருக்கிற எந்திரத்தைத் தானே சரி செய்ய முடியாத அந்தக் கோபம் புரோகிராமர் மனதில் தங்கிவிட்டது. 1983இல், கம்ப்யூட்டரையே ஓட்டும், எல்லாருக்கும் உரிமையான ஒரு முழு இயங்குதளத்தை எழுதப் போகிறேன் என்று அறிவித்தார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நான்கு உரிமைகளை வரையறுத்தார்கள்: எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று படித்து மாற்றலாம், அடுத்தவருக்குப் பிரதி தரலாம், மாற்றியதையும் தரலாம். இந்த நான்கும் இருந்தால் அது ஃப்ரீ சாஃப்ட்வேர். விலை வைத்து விற்கலாம், தடையில்லை. அங்கே ஃப்ரீ என்றால் விடுதலை.

ஆனால் கேட்டவர்கள் காதில் இலவசம் என்றுதான் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்தார்கள். விடுதலை, உரிமை என்று பேசினால் இன்னும் பயந்தார்கள். 1998 தொடக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி, தன் பிரவுசரின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. நல்ல சமயம் என்று சிலர் கலிபோர்னியாவில் ஒரு ஊரில் கூடிப் பேசினார்கள். அங்கே ஒரு பெண் யோசித்து வைத்திருந்த பெயர்தான் 'ஓபன் சோர்ஸ்'. திறந்த மூலம். உரிமையைப் பற்றிப் பேசாமல், பலர் கண் பட்டால் குறை சீக்கிரம் தெரியும், நிரல் உறுதியாகும், வேலை மளமளவென்று நடக்கும் என்று பேசினார்கள். கம்பெனிகள் காது கொடுத்தன. பழைய கட்சியோ, பெயரை மாற்றியதில் விடுதலை என்ற பேச்சே விட்டுப் போனதே என்று வருத்தப்பட்டது. இன்று வரை வருத்தப்படுகிறது.

அம்சவள்ளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கிலீஷ்ல இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே வார்த்தைதானா?" என்றார்.

"ஆமாம்."

"பாவம். நமக்கு அந்தச் சண்டையே வேணாம். கட்டற்றதுன்னா யாரும் இலவசம்னு நெனக்க மாட்டாங்க."

லில்லிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அம்சவள்ளி விடவில்லை. "அப்போ, எடுத்தவன் மூலநிரலை மூடி வச்சுக்கக் கூடாதுன்னு சொல்ற லைசன்ஸ் ஃப்ரீ. மூடிக்கோன்னு விடற லைசன்ஸ் ஓபன் சோர்ஸ். அப்படித்தானே?"

"எல்லாரும் அங்கதான் வழுக்கறாங்க அக்கா. ரெண்டு வகை லைசன்ஸையும் ரெண்டு கட்சியும் ஒத்துக்குது. சாஃப்ட்வேரும் முக்கால்வாசி ஒண்ணேதான். எதுக்காகத் திறக்கறோம்னு கேட்டா சொல்ற பதில்தான் வேற. ஓபன் சோர்ஸ்காரங்க, திறந்தா நல்லா வேலை செய்யும்னு சொல்லுவாங்க. ஃப்ரீ சாஃப்ட்வேர்காரங்க, நல்லா வேலை செய்யுதோ இல்லையோ, உபயோகிக்கறவன் கையில அது இருக்கணும்னு சொல்லுவாங்க."

அம்சவள்ளி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் வந்து, எடுத்து மாற்றித் தருபவர் மாற்றியதையும் திறந்தே தர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஜி.பி.எல். என்ற உரிமத்தைப் போடச் சொன்னார். 2023 நடுவில் ஆப்பும் அதன் மூலநிரலும் இணையத்தில் ஏறின. மாண்டியாவிலிருந்து ஒருவர், தஞ்சாவூரிலிருந்து ஒருவர் என்று முகம் தெரியாத ஐந்தாறு பேர் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பிச் சேர்த்தார்கள். சுற்று வட்டாரத்தில் நானூறு குடும்பம் அதைப் பயன்படுத்தியது.

2024 தை மாதம். பாகூர்ப் பக்கத்தில் தனியாளாக நின்று ஒன்றரைக் காணி பயிர் வைக்கும் விருத்தாம்பாள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு அம்சவள்ளி வீட்டுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, நீ எழுதினதுதானே இது? நெல்லு பழுத்துக் கொட்டுது. எனக்கு ஒம்பதாவதுன்னு போடுது. ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

போனில் இருந்தது 'வரிசை' இல்லை. நிறம் வேறு, பெயர் வேறு. ஆனால் கேட்கும் கேள்விகள் அதே கேள்விகள், அதே அடுக்கு. கீழே வர வேண்டிய காரண வரி மட்டும் இல்லை. புகழ்வேந்தன் வாங்கிப் பார்த்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"வள்ளி, இங்க பாரு. பெல்ட்டுக்கு நீ ள் போட்டு எழுதியிருப்ப இல்ல? நானும் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். இவங்களும் பெள்ட் வண்டின்னுதான் எழுதியிருக்காங்க."

அம்சவள்ளி வாங்கிப் பார்த்தார். ஆறு மாதமாகத் தன் கண்ணில் படாத பிழை, வேறு ஒருவருடைய பச்சைத் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஆப்பை வெளியிட்டவர் வில்லியனூரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்து ராஜேஷ்குமார். அறுவடை வண்டிகளைச் சொந்தமாக வாங்கி நாலு மாவட்டத்துக்கு வாடகைக்கு விடுகிறார். கம்ப்யூட்டர் படித்த மூன்று பேரை வேலைக்கு வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அம்சவள்ளியும் லில்லியும் அவர் ஆபீசுக்குப் போனார்கள். அவர் மரியாதையாகவே உட்கார வைத்து டீ வரவழைத்தார். எதையும் மறைக்கவில்லை.

"ஆமாம் மேடம், உங்களுதுதான். எங்க பசங்க நெட்ல பாத்தாங்க. ஓபன் சோர்ஸ்தானேன்னு எடுத்துக்கிட்டோம்."

"எடுத்ததுல தப்பே இல்லீங்க," என்றார் அம்சவள்ளி. "அதுக்குத்தான் போட்டு வச்சேன். வாடகை வாங்கறதும் தப்பில்ல. மாத்தினதும் தப்பில்ல. மூடி வச்சீங்களே, அதான் தப்பு. அதை எடுக்கறப்பவே ஒரு நிபந்தனை இருக்குது. உங்க ஆப் வச்சிருக்கறவங்க கேட்டா மூலநிரலைக் குடுக்கணும்."

ராஜேஷ்குமாருக்கு அது புதுச் செய்தி. தன் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம் சார், போட்டிருக்கு, நாங்க கவனிக்கலை என்றார். ராஜேஷ்குமார் வியாபாரி. உடனே வேறு வழி தேடினார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். மூடிக்க அனுமதிக்கற லைசன்ஸும் இருக்குதாமே. அதுவும் ஓபன் சோர்ஸ்தானே? எங்களுக்கு மட்டும் அப்படி மாத்திக் குடுங்க. ஆப்ல உங்க பேரு, போட்டோ எல்லாம் போடறோம். இங்கயே வேலைக்கும் வந்துடுங்க."

அம்சவள்ளி லில்லியைப் பார்த்தார். லில்லி, "அவர் சொல்ற மாதிரி லைசன்ஸ் இருக்குது அக்கா. அதுவும் ஃப்ரீ சாஃப்ட்வேர்தான், தப்பில்ல. ஆனா இதுல இன்னும் ஆறு பேர் எழுதினது கலந்திருக்குது. நீங்க ஒருத்தர் மட்டும் மாத்திக் குடுக்க முடியாது," என்றாள்.

அதோடு பேச்சு முடிந்திருக்கலாம். முடியாது என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். அம்சவள்ளி அப்படிச் செய்யவில்லை.

"என்னால முடியும்னாலும் மாட்டேங்க. விருத்தாம்பாள்னு ஒருத்தங்க. அவங்க என்னாண்ட வந்து, எனக்கு ஏன் ஒம்பதுன்னு கேட்டாங்க. நான் எழுதினதுன்னு நம்பி கேட்டாங்க. என்னால சொல்ல முடியலை. உங்களால சொல்ல முடியுமா?"

ராஜேஷ்குமார் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் காரணம் கிடைத்தது. திருட்டு எதுவும் இல்லை. வண்டி ஷெட்டிலிருந்து தூரமாக இருக்கும் நிலம் பின்னால் போகும்படி ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று. விருத்தாம்பாளின் நிலம் கடைசி மூலை. நெல் கொட்டினாலும் அவருக்கு ஒன்பதுதான் வரும். அதை எழுதியவருக்கே அப்போதுதான் அது உறைத்தது.

"பாத்தீங்களா," என்றார் அம்சவள்ளி. "நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாத வரைக்கும் அவங்களுக்கு நீங்க கெட்டவங்கதான். நல்லா ஓடுதா இல்லையான்னு நான் கேக்கல. நம்ம பயிருக்கு வரிசை போடறது நம்ம கண்ணுல தெரியணும்."

தன் வாழ்க்கையில் ஒரு முதலாளியிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்கிறார் அம்சவள்ளி. வெளியே வந்ததும் லில்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள்.

விருத்தாம்பாளின் நிலத்துக்கு மறுநாளே வண்டி போனது. மூன்று வாரம் கழித்து ராஜேஷ்குமாரின் ஆப்பினுடைய மூலநிரல் முழுதாக இணையத்துக்கு வந்தது. கோர்ட், வக்கீல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவருடைய ஆட்கள் செய்திருந்த மாற்றங்களை அம்சவள்ளி ஒவ்வொன்றாகப் படித்தார். தூர விதியை ஒதுக்கினார். இன்னொன்றைப் பார்த்து அசந்துபோனார். வாய்க்கால்களின் மேல் இருக்கும் சின்னப் பாலங்கள் எது எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கில் எடுத்து, பெரிய வண்டியை வேறு வழியாகத் திருப்பிவிடும் பகுதி அது. இவர் ஒரு வருடமாக யோசித்தும் பிடிபடாதது. அதை அப்படியே 'வரிசை'யில் சேர்த்து, எழுதியவர் பெயரையும் போட்டார்.

ராஜேஷ்குமார் இப்போது தன் கடைக்கு வருகிறவர்களிடம், திறந்து வைத்ததில் எனக்குத்தான் நல்லது என்று சொல்கிறார். முகம் தெரியாத யாரோ மூன்று பெரிய பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்களாம். போட்டிக் கம்பெனிகள் ஆளை வைத்துச் செய்வது இவருக்குத் தானாக நடக்கிறதாம். அம்சவள்ளியைப் பார்த்தால் வணக்கம் சொல்லி, "மேடம், நீங்க விடுதலைன்னு சொல்றீங்க, நான் வேலை நடக்குதுன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான்," என்பார்.

"ஒண்ணு இல்லீங்க," என்பார் அம்சவள்ளி. "வேலை நடக்கலைன்னா நீங்க மூடிடுவீங்க. நான் மூட மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த திருத்தம் அவர் ஆபீசிலிருந்து வந்து சேரும்.

சென்ற ஆண்டு ஆடியில் பாகூரில் விவசாயிகள் கூட்டம் போட்டு, வரிசை விதிகளை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அம்சவள்ளி ஒவ்வொரு விதியாகப் படித்தார். சாமிக்கண்ணு எழுந்து, வாய்க்கால் கடைமடையில் இருக்கும் நிலத்தில் தண்ணீர் வடியவே நாலு நாள் ஆகும், அதையும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள். கூட்டம் கலைவதற்குள் அம்சவள்ளி அங்கேயே லேப்டாப்பில் அந்த விதியை எழுதிச் சேர்த்து, திரையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். பாதிப் பேருக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆனாலும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். விருத்தாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல நாம சொன்னது எங்க இருக்குது?"

அம்சவள்ளி விரல் வைத்துக் காட்டினார். விருத்தாம்பாளும் அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்தத் தை மாதம் பாலக்காட்டிலிருந்து ஒரு விவசாயிகள் குழு, 'வரிசை'யை எடுத்து மலையாளத்தில் மாற்றி வெளியிட்டிருக்கிறது. நம் பக்கத்து வண்டிகள்தானே அங்கேயும் போகின்றன. யாரிடமும் அவர்கள் அனுமதி கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இல்லை. வெளியிட்ட பிறகு ஒரு நன்றிக் கடிதமும் ஆப்பின் படமும் அனுப்பியிருந்தார்கள். படத்தில் கீழே நாலு வரி மலையாளம். அம்சவள்ளிக்கும் புகழ்வேந்தனுக்கும் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் புகழ்வேந்தன் வேலையை விட்டுவிட்டு, போனோடு பாண்டிக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு ஆபீசில் வேலை பார்க்கும், மலையாளம் தெரிந்த மாஹேக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம். அந்த ஆபீஸ் வாசலில் காத்திருந்து, மதியச் சாப்பாட்டுக்கு அவர் வெளியே வந்ததும் போனை நீட்டினார். அவர் படித்தார்.

"முதலில் எழுதியவர், அம்சவள்ளி, கிருமாம்பாக்கம், புதுச்சேரி. அப்படின்னு போட்டிருக்கு. யார் இது?"

"எங்க வூட்டுக்காரம்மா," என்றார் புகழ்வேந்தன். "இன்னொரு வாட்டி படிங்க சார்."